பொட்டலத்துக்குள் இருப்பது யாருக்குத் தெரியும்?

(பணியிடைப் பயிற்சி முகாம் ஒன்றில் தொடக்க, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே அரசு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பயிற்சிக்கு அழைத்தபோது ஒருங்கிணைப்பாளர் என்னிடம் ஒரு கோரிக்கை வைத்தார். “டாக்டர், இப்போது புதிது புதிதாக வருகிற போதைப்பொருள்களின் பெயர்களைப் பட்டியலாகப் போட்டு, படத்தோடு தந்துவிடுங்கள். அச்சடித்து எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பி வகுப்பறையில் ஒட்டச் சொல்லிவிடலாம்” என்றார். நல்லெண்ணத்தில் கேட்டதுதான். ஆனாலும் நான் பட்டியல் கொண்டுவரவில்லை. ஏன் கொண்டுவரவில்லை என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். பேச்சினூடே சில பெயர்கள் வரும். அவை உங்கள் காதுக்கு. வகுப்பறைச் சுவருக்கு அல்ல.

முதலில் ஓர் இரவைப் பற்றிச் சொல்கிறேன். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியில் இருந்தேன். பதினோராம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவனை அவனுடைய நண்பர்கள் இரண்டு பேர் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. நாடித் துடிப்பு எண்ண முடியாத வேகம். கண்ணின் பாவை விரிந்திருந்தது. யாரோ துரத்துவதுபோல் கட்டிலிலிருந்து எழுந்து ஓடப் பார்த்தான். “என்னப்பா சாப்பிட்டான்?” என்று கேட்டேன். “பரோட்டா சாப்பிட்டான் டாக்டர், ஒத்துக்கல” என்றான் ஒருவன். இன்னொருவன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் பரோட்டாதான்.

அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்த நண்பர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்ற கேள்வியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிலையாகிப் போனவர்கள்

வடிவமைக்கப்பட்ட போதைப்பொருள் என்றால் என்ன? ஏற்கெனவே உள்ள ஒரு மருந்தின் அல்லது போதைப்பொருளின் மூலக்கூற்றை எடுத்து, அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் மாற்றிப் புதிய வேதிப்பொருளாகச் செய்வது. உடம்புக்குள் அது பழைய பொருளைப் போலவே வேலை செய்யும். ஆனால் சட்டத்தின் தடைப் பட்டியலில் அதன் பெயர் இருக்காது. ஒரே பூட்டுக்கு வேறொரு சாவி செய்வது போன்றது. இப்படிச் செய்யப்படும் பொருள்களுக்கு 1980களில் ஆங்கிலத்தில் ‘டிசைனர் டிரக்’ என்று பெயர் வைத்தவர், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பணியாற்றிய கேரி ஹென்டர்சன்.

சாவி செய்கிறவனுக்குக் கை தவறினால் என்ன ஆகும்? 1982ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் சான் ஹோசே பகுதி மருத்துவமனைக்கு நாற்பது வயதைக் கடந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவரால் அசைய முடியவில்லை. பேச முடியவில்லை. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. முதுமையில் வரும் பார்க்கின்சன் நோயின் கடைசிக் கட்டம்போல, சிலையாக உறைந்திருந்தார். அதே பகுதியில் இன்னும் சிலர் அதே நிலையில் இருப்பது தெரியவந்தது. அவர்களில் இருபதுகளில் இருந்தவர்களும் உண்டு. வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் துப்புத் துலக்கினார். எல்லோரும் ஹெராயினுக்குப் பதிலாக விற்கப்பட்ட ஒரு செயற்கைத் தூளை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள்.

அதைத் தயாரித்தவர் பெத்திடின் என்ற வலி நிவாரணியைப் போன்ற ஒரு பொருளைச் செய்ய முயன்றிருக்கிறார். வினை சரியாக நடக்காமல் எம்.பி.டி.பி. என்ற வேறொரு வேதிப்பொருள் உருவாகிவிட்டது. அது மூளையில் டோபமைன் சுரக்கும் செல்களைத் தேடிச் சென்று அழிக்கிறது. ஒரு சில நாள் பழக்கம். ஆயுள் முழுவதும் உறைந்த உடம்பு. அந்த வேதிப்பொருள் பின்னாளில் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்குப் பெரிய கதவைத் திறந்துவிட்டது உண்மை. ஆனால் அந்த மனிதர்கள் ஆராய்ச்சிக்கு உடம்பைத் தருவதாக எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

வேதியியல் ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆய்வகத்தில் ஒரு வினையின்போது வெப்பநிலை சற்று மாறினால் விளைபொருள் மாறிவிடும் என்று பாடம் நடத்துகிறீர்கள். அந்தப் பாடத்துக்கு இதைவிட வலிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. போதைப்பொருளின் பெயரைச் சொல்லாமலே இதைச் சொல்லலாம்.

பாயசமும் முந்திரியும்

அடுத்தது, செயற்கைக் கஞ்சா என்று சொல்லப்படுவது. அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹஃப்மன் என்ற வேதியியல் பேராசிரியர் மூளையின் ஏற்பிகளைப் பற்றி ஆராய நூற்றுக்கணக்கான சேர்மங்களை உருவாக்கினார். முழுக்க அறிவியல் நோக்கம். செய்முறைகள் ஆய்விதழ்களில் வெளியாயின. சில ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவில் ‘ஸ்பைஸ்’ என்ற பெயரில், நறுமணப் புகை, மூலிகைக் கலவை என்று வண்ணப் பொட்டலங்கள் விற்பனைக்கு வந்தன. ‘மனிதர் உட்கொள்வதற்கு அல்ல’ என்று மேலே அச்சிட்டிருந்தார்கள். 2008ஆம் ஆண்டு டிசம்பரில் பரிசோதித்தபோது, உலர்ந்த இலைகளின்மேல் ஹஃப்மன் உருவாக்கிய சேர்மங்களில் ஒன்று தெளிக்கப்பட்டிருப்பது தெரிந்தது.

‘இலைதானே, இயற்கைதானே’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். இலை வெறும் சுமை வண்டி. ஏறியிருக்கும் சரக்கு வேறு. கஞ்சாவில் உள்ள பொருள் மூளையின் ஏற்பியை ஓரளவுக்குத்தான் தூண்டும். இந்தச் செயற்கைப் பொருள்களில் பல அதே ஏற்பியை முழு வேகத்தில் தூண்டுபவை. வலிப்பு, சித்தப் பிரமை, இதயத் துடிப்புக் கோளாறு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் பாயசம் காய்ச்சி முந்திரியைப் போட்டுச் சரியாகக் கலக்காமல் பரிமாறினால், ஒரு கிண்ணத்தில் முந்திரியே இருக்காது, இன்னொரு கிண்ணத்தில் எல்லா முந்திரியும் விழுந்துவிடும். இலையின்மேல் தெளிப்பதும் அப்படித்தான். ஒரே பொட்டலத்தில் ஒரு சிட்டிகை ஒன்றும் செய்யாது. அடுத்த சிட்டிகை ஆளைச் சாய்க்கும். ‘நேற்று அவன் எடுத்தான், ஒன்றும் ஆகவில்லை’ என்பது இங்கே செல்லாத கணக்கு.

2016ஆம் ஆண்டு ஜூலையில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரே நாளில் 33 பேர் இப்படிப் பாதிக்கப்பட்டுத் தெருவில் வெறித்த பார்வையோடு நின்றார்கள். பலரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. 2018இல் இல்லினாய் மாநிலத்தில் செயற்கைக் கஞ்சா எடுத்த 150க்கும் மேற்பட்டோருக்கு மூக்கிலும் ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் கசிந்தது, சிலர் இறந்தார்கள். காரணம், எலி மருந்தில் போடும் புரோடிஃபாகும் என்ற நஞ்சு அதில் கலந்திருந்தது. வாங்கியவர்களுக்கு அது தெரியாது. கடைசியில் கைமாற்றி விற்றவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கைப்பேசி என்ன செய்தது?

இதில் இணையத்தின் பங்கு என்ன? மூன்று வேலைகளை அது எளிதாக்கிவிட்டது. முதலாவது, செய்முறை. ஆய்விதழிலும் காப்புரிமை ஆவணத்திலும் உறங்கிக் கிடந்த மூலக்கூறுகளை எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்து தேடி எடுக்க முடிகிறது. இரண்டாவது, கடை. முன்பு இதை விற்பவன் ஒரு தெருமுனையில் நிற்க வேண்டும். நாலு பேர் பார்ப்பார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் அதட்டுவார். இப்போது விற்பவனுக்கு முகம் இல்லை. படக்குறிகளால் பேசுகிறான், பொட்டலம் கூரியரில் வருகிறது. மூன்றாவது, நம்பிக்கை. ‘நான் எடுத்தேன், அருமை’ என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதுவதைப் பிள்ளைகள் அனுபவ உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கருத்தை எழுதியவனே விற்பவனாக இருக்கலாம் என்பது தோன்றுவதில்லை. இறந்துபோனவர் கருத்து எழுத வருவதில்லை என்பதும் தோன்றுவதில்லை.

வேகத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் புதிய போதைப்பொருள்களைக் கண்டறிந்து எச்சரிக்க 1997 முதலே ஓர் அமைப்பை நடத்திவருகிறது. 2014இல் மட்டும் அது 101 புதிய பொருள்களைப் பதிவு செய்தது. கிட்டத்தட்ட வாரத்துக்கு இரண்டு. 2023 முடிவில் அதன் கண்காணிப்பில் இருந்தவை 950க்கும் மேல். ஒன்றைத் தடை செய்தால் இன்னொன்று வருகிறது. பிரிட்டன் 2016இல் இதற்காகத் தனிச் சட்டமே கொண்டுவந்து, பெயர் சொல்லித் தடுக்காமல் மூளையைப் பாதிக்கும் பொருள்களின் விற்பனையை மொத்தமாகத் தடுத்தது. கடை வீதியில் விற்பனை நின்றது. பொருள்கள் நிற்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், நான் இன்று ஒரு பட்டியல் தந்தால் அடுத்த கல்வியாண்டில் அது எந்த அளவுக்குச் சரியாக இருக்கும்?

மருத்துவமனையிலும் இதே சிக்கல்தான். சாதாரணமாக நாங்கள் செய்யும் சிறுநீர்ச் சோதனை பழைய போதைப்பொருள்களுக்கானது. புதியவற்றில் பல அதில் அகப்படாது. அபின் வகையைச் சேர்ந்தவை மூச்சை அடக்கினால் நாலோக்சோன் என்ற மாற்று மருந்து எங்களிடம் இருக்கிறது. மற்றப் புதிய பொருள்கள் பலவற்றுக்கு அப்படி ஒரு மாற்று மருந்து கிடையாது. காய்ச்சலைத் தணித்து, வலிப்பை அடக்கி, இதயத்தைக் கண்காணித்து உயிரைப் பிடித்து வைத்திருக்கிறோம். எதை, எப்போது, எவ்வளவு என்று கூட இருந்தவர்கள் சொன்னால் எங்கள் வேலை பாதியாகக் குறையும். சொல்லாவிட்டால் இருட்டில் தேடுகிறோம்.

பக்கத்து அறையில் ஒருவர் இருந்தார்

அமெரிக்காவிலிருந்து இன்னொரு செய்தி. அங்கே ஃபென்டனில் என்ற வீரியம் மிக்க செயற்கை வலி நிவாரணியைச் சட்டவிரோதமாகத் தயாரித்து, மருந்துக் கடை மாத்திரையைப் போலவே அச்சடித்து, சமூக ஊடகங்கள் வழியாக விற்கிறார்கள். வாங்குகிற பிள்ளை தலைவலி மாத்திரை, தூக்க மாத்திரை, பதற்றம் குறைக்கும் மாத்திரை என்று நம்பி வாங்குகிறது. அந்நாட்டுப் போதைப்பொருள் தடுப்பு அமைப்பு 2023இல் சோதித்த போலி மாத்திரைகளில் பத்தில் ஏழில் உயிரைப் பறிக்கக்கூடிய அளவு ஃபென்டனில் இருந்தது.

10 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகள் அளவு மீறிய போதையால் இறப்பது 2019இன் பிற்பகுதிக்கும் 2021இன் பிற்பகுதிக்கும் இடையில் இரு மடங்குக்கும் மேலாகக் கூடியது என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டது. அந்த அறிக்கையில் என்னை உலுக்கிய விவரம் வேறு. இறந்த பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, உதவி செய்திருக்கக்கூடிய ஒருவராவது அருகில் இருந்தார். பெரும்பாலும் எந்த உதவியும் நடக்கவில்லை.

ஏன்? சிலர் பக்கத்து அறையில் இருந்திருப்பார்கள். சிலர் தூங்குகிறான் என்று விட்டிருப்பார்கள். சிலர் பயந்திருப்பார்கள். யாரைக் கூப்பிடுவது, கூப்பிட்டால் நமக்கு என்ன ஆகும் என்ற பயம். அந்தப் பயத்தைத்தான் ‘பரோட்டா ஒத்துக்கல டாக்டர்’ என்ற சொல்லில் நான் கேட்டேன்.

பெயர் எப்படி விளம்பரமாகிறது?

பட்டியல் தராததற்கு இரண்டாவது காரணம் ஒன்றும் இருக்கிறது. 2009, 2010 வாக்கில் பிரிட்டனில் மெஃபட்ரோன் என்ற தூள், செடிகளுக்கு உரம் என்ற பெயரில் இணையத்தில் சட்டப்படியே விற்கப்பட்டது. 2010 மார்ச்சில் இரண்டு இளைஞர்கள் இறந்தபோது அதுவே காரணம் என்று செய்தித்தாள்கள் எழுதின. நாடே பதறியது. ஏப்ரலில் தடை வந்தது. மே மாதம் வந்த பரிசோதனை முடிவு, அந்த இருவர் உடலிலும் மெஃபட்ரோன் இல்லை என்றது.

அந்தப் பொருள் தீங்கில்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. தீங்கானதுதான், பின்னாளில் உயிர்களைப் பறித்ததுதான். இந்தியாவிலும் 2015இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. நான் சொல்ல வருவது வேறு. மரணச் செய்திகள் பரபரப்பாக வந்த அதே நாட்களில், அதை எங்கே வாங்கலாம் என்று இணையத்தில் தேடுவதும் எகிறியதாக ஆய்வு காட்டியது. எச்சரிக்கை என்று நாம் உரக்கச் சொன்ன பெயர், ஒரு பிள்ளையின் கையில் தேடுசொல்லாக மாறிவிடுகிறது. சுவரில் படத்தோடு ஒட்டினால் நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் கடந்து போவார்கள். மீதி இரண்டு பேர் கைப்பேசியை எடுப்பார்கள்.

நம் பள்ளியில் எது முதலில்?

‘இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நம் ஊருக்கும் இதற்கும் என்ன?’ என்று கேட்கலாம். அளவறிந்து பேசுவோம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்றைச் சொல்கிறது. பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்படும் ஒரே போதை, முகர்ந்து எடுப்பது. 10 முதல் 17 வயதினரில் 1.17 விழுக்காடு, பெரியவர்களில் 0.58 விழுக்காடு. பசை, எழுத்தை அழிக்கும் வெள்ளை மை, தின்னர் போன்றவைதான் அவை. அதாவது எழுதுபொருள் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் இருப்பவை. இவற்றோடு உதட்டுக்குள் அடக்கும் புகையிலை. அப்புறம் மருத்துவர் சீட்டு இல்லாமல் கைமாறும் வலி நிவாரண மாத்திரைகள். இவைதான் இன்று நம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை.

ஆனால் கைப்பேசி இல்லாத வீடு இப்போது ஏது? தூரம் குறைந்துவிட்டது. என் பணியில் நான் பார்த்த அந்தப் பையனுக்குப் பொருள் வந்தது தெருவிலிருந்து அல்ல, கைப்பேசி வழியாக. எந்தப் பொருளாக இருந்தாலும், எந்த வழியாக வந்தாலும் காக்கும் வழி ஒன்றுதான் என்பதால்தான் இரண்டையும் சேர்த்துப் பேசுகிறேன்.

நாம் செய்யக்கூடியவை

முதலில், கண். போதையின் அறிகுறி என்று தனியாக ஒரு பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். அந்தப் பிள்ளை நேற்றுவரை எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்பதைப் பாருங்கள். கலகலப்பாக இருந்தவன் ஒதுங்குகிறான், எழுத்து கோணுகிறது, தூக்கம் மாறுகிறது, நண்பர் கூட்டம் திடீரென்று மாறுகிறது, வீட்டில் காசு காணாமல் போகிறது. இவை போதையாகவும் இருக்கலாம், அப்பா அம்மா சண்டையாகவும் இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். ‘நீ என்ன எடுக்கிறாய்?’ என்று தொடங்காதீர்கள். ‘கொஞ்ச நாளாக நீ நீயாக இல்லையே, என்னப்பா?’ என்று தொடங்குங்கள். தனியாகக் கேளுங்கள். வகுப்பு முன்னால் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னால் பொருள் ஒருவேளை கிடைக்கும். பிள்ளை கிடைக்க மாட்டான்.

இரண்டாவது, முதலுதவி. ஒரு பிள்ளை மயங்கிக் கிடந்தால், தூங்கட்டும் என்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சைக் கவனியுங்கள். 108ஐ அழையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் என்று எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். பதற்றத்தில் ஓடுகிற பிள்ளையைப் பத்துப் பேர் அமுக்கிப் பிடிக்காதீர்கள். கூட்டத்தை விலக்கிக் காற்றோட்டமான இடத்தில் ஒருவர் மட்டும் மெதுவாகப் பேசுங்கள். பொட்டலம், உறை, மீதி மாத்திரை எது கிடைத்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்கும் கற்பியுங்கள். ஏனென்றால் அந்த நேரத்தில் அருகில் இருப்பது நாமல்ல, அவர்கள்.

மூன்றாவது, பாடம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், ‘எங்களுக்கு இதில் என்ன வேலை?’ என்று எண்ண வேண்டாம். பெரியவர்களிடம் காட்டாமல் யார் எதைத் தந்தாலும் வாயில் போடாதே என்பதும், தப்பு செய்துவிட்டாலும் டீச்சரிடம் சொல்லலாம் என்பதும் மூன்றாம் வகுப்பில் விதைக்க வேண்டியவை. பதினொன்றாம் வகுப்பில் விதைத்தால் முளைப்பது கடினம். கணினி ஆசிரியர்கள், ஓர் இணையக் கருத்தை எழுதியவர் யார், அதனால் அவருக்கு என்ன ஆதாயம் என்று கேட்கப் பழக்குங்கள். கணித ஆசிரியர்கள், மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம் என்பதை நடத்தும்போது, சில பொருள்களில் அந்த வித்தியாசம்தான் உயிருக்கும் சாவுக்கும் இடைவெளி என்று ஒரு வரி சேருங்கள்.

நான்காவது, சட்டம். பிள்ளைக்குப் போதைப்பொருள் தருபவருக்கு இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 77ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை கடுங்காவல் உண்டு. பிள்ளையை வைத்து விற்பவருக்கும் அடுத்த பிரிவில் அதே தண்டனை. ஆக, நம் பள்ளிப் பிள்ளை பொருளோடு பிடிபட்டால் அவனுக்குப் பின்னால் ஒரு பெரியவர் இருக்கிறார் என்றே சட்டம் பார்க்கிறது. நாமும் அப்படியே பார்க்க வேண்டும். அடிமையானவர் தாமாகச் சிகிச்சைக்கு வந்தால், சில நிபந்தனைகளோடு வழக்கிலிருந்து விலக்குத் தரும் வழியும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது; அதன் 64ஏ பிரிவைத் தலைமையாசிரியர்கள் படித்துப் பாருங்கள்.

எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. மனநல ஆலோசனைக்கு 14416. பிள்ளைகளுக்கான உதவிக்கு 1098. விற்பவரைப் பற்றித் தகவல் தர 1933. பெயர்ப்பட்டியலுக்கு ஒதுக்கிய இடத்தில் இந்த எண்களை ஒட்டுங்கள்.

“டி.சி. கொடுத்துவிட்டால்?”

சென்ற முறை இதே போன்ற கூட்டத்தில் ஓர் ஆசிரியர் எழுந்து கேட்டார்: “டாக்டர், நீங்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒருவனை வைத்துக்கொண்டால் நாற்பது பேரும் கெட்டுப்போவார்களே? டி.சி. கொடுத்து அனுப்புவதுதானே மற்றவர்களுக்குப் பாதுகாப்பு?”

நியாயமான கவலை. நாற்பது பெற்றோர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர், நான் அல்ல. ஆனாலும் இரண்டு விஷயங்களைச் சொன்னேன். ஒன்று, டி.சி.யோடு வெளியே போகிற பிள்ளை ஊரைவிட்டுப் போவதில்லை. அதே தெருவில், அதே நண்பர்களோடு, அதே கைப்பேசியோடு இருக்கிறான். முன்பு பள்ளி நேரத்திலாவது உங்கள் கண்ணில் இருந்தான். இப்போது நாள் முழுவதும் விற்பவனின் கண்ணில் இருக்கிறான். இரண்டு, அந்த டி.சி.யை மற்ற முப்பத்தொன்பது பேரும் பார்க்கிறார்கள். அவர்கள் கற்றுக்கொள்வது ‘எடுக்கக் கூடாது’ என்பதை அல்ல. ‘மாட்டக் கூடாது’ என்பதை. அடுத்த முறை ஒருவன் மயங்கி விழும்போது அந்தப் பாடம்தான் அவர்கள் வாயை அடைக்கும்.

தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதி இருக்கட்டும். பெற்றோரை அழையுங்கள், சிகிச்சைக்கு அனுப்புங்கள், பள்ளியில் கண்காணிப்பில் வையுங்கள். விற்கிறவரைச் சட்டத்திடம் ஒப்படையுங்கள். ஆனால் உதவி கேட்டு வாய் திறந்த பிள்ளைக்கு, வாய் திறந்ததற்காகத் தண்டனை வேண்டாம்.

அந்த இரவின் மீதி

இப்போது அந்தப் பையனுக்கு வருகிறேன். ஒரு மணி நேரம் போயிற்று. காய்ச்சல் இறங்கவில்லை. ஒரு முறை வலிப்பு வந்தது. அப்போது தரையையே பார்த்துக்கொண்டிருந்த நண்பன் நடைகூடத்துக்குப் போய் யாருக்கோ போன் செய்தான். திரும்பி வந்து அழுதுகொண்டே, “டாக்டர், பரோட்டா இல்ல. போன்ல ஆர்டர் பண்ண பவுடர். நாங்களும் இருந்தோம், ஆனா எடுக்கல” என்றான். பையிலிருந்து ஒரு சின்ன உறையையும் எடுத்துக் கொடுத்தான். உறையின்மேல் இருந்த பெயர் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எத்தனை மணிக்கு, எவ்வளவு, வேறு என்ன சேர்த்து எடுத்தான் என்று அவன் சொன்னவை சிகிச்சைக்கு வழி காட்டின. உள்ளே போனது சரியாக எந்த வேதிப்பொருள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பையன் பிழைத்துக்கொண்டான்.

“முதல்லயே ஏம்பா சொல்லல?” என்று கேட்டேன். “ஸ்கூல்ல தெரிஞ்சா டி.சி. குடுத்துடுவாங்க டாக்டர்” என்றான். “இப்ப மட்டும் எப்படிச் சொன்ன?” என்றேன். “பி.டி. சார்கிட்ட போன் பண்ணேன். ‘என்ன நடந்துச்சோ அப்படியே டாக்டர்கிட்ட சொல்லு, மத்ததை நாளைக்குப் பாத்துக்கலாம், நான் வர்றேன்’னு சொன்னார்.”

சற்று நேரத்தில் அவர் வந்தார். லுங்கிமேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, பழைய ஸ்கூட்டரில். பையனின் அப்பா வரும்வரை நடைகூடத்து பெஞ்சில் அந்த இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். எந்தப் போதைப்பொருளின் பெயரும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மதியம் விளையாட்டு மைதானத்தில் நூறு முறை திட்டுகிறவராம். ஆனால் நடுராத்திரியில் கூப்பிடலாம் என்று ஒரு பையனுக்குத் தோன்றிய ஒரே பெரியவர் அவர்தான்.

பொட்டலத்துக்குள் இருப்பது வாங்குகிறவனுக்குத் தெரியாது. விற்கிறவனுக்குத் தெரியாது. பல நேரம் மருத்துவருக்கும் தெரியாது. பிள்ளையின் மனத்துக்குள் இருப்பதாவது நம்மில் ஒருவருக்குத் தெரிய வேண்டும். உங்கள் பள்ளியில் எத்தனை பிள்ளைகளின் கைப்பேசியில் உங்கள் எண் இருக்கிறது? ஆபத்தான இரவில் அதை அழுத்தும் தைரியம் அவர்களில் எத்தனை பேருக்கு இருக்கும்? இந்த இரண்டு கேள்விகளையும் உங்களோடு பள்ளிக்கு எடுத்துச் செல்லுங்கள் என்று கேட்டு அமைகிறேன்.